அத்தான் வேண்டாமென்ற டல்சிமர்

இளையவள் அத்தானைக் கூட்டிக்கொண்டு போனது அவருடைய வண்டிக்காக. அவருடைய வாய்க்காக இல்லை. ஆனால் வண்டியைக் கேட்டால் வாயும் கூடவே வரும். அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்ல அக்காவாலேயே இத்தனை வருஷத்தில் முடிந்ததில்லை, மச்சினியால் முடியுமா?

அத்தான் மெத்தைக் கடை வைத்திருந்தார். கட்டிலும் விற்பார். இருபது வருஷமாக மெத்தையை அமுக்கி அமுக்கி, உலகத்தில் எந்தப் பொருளையும் உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கினால் அதன் ஜாதகமே தெரிந்துவிடும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். பூசணிக்காய், கார் டயர், வாடகைக்குப் பார்த்த வீட்டின் சுவர், பிறந்து ஒரு நாளான குழந்தையின் தலையணை, எல்லாவற்றுக்கும் ஒரே அமுக்கல்தான். அமுக்கிவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அதன்பிறகு தீர்ப்பு. குடும்பத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'எல்லாந்தெரிஞ்சவர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் இளையவள்தான். வைத்த நாளிலிருந்து அதை ஒருநாள் விடாமல் உபயோகித்தும் வந்தாள்.

அவள் போனது ஒரு பழைய டல்சிமர் வாங்க. டல்சிமர் என்றால் பலருக்குத் தெரியாது. சந்தூருக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் அகலமும் ஒரு பக்கம் குறுகலுமான மரப்பெட்டி, மேலே ஜோடி ஜோடியாகக் கம்பிகள், கம்பியை இழுத்துப் பிடிக்க வலப்பக்கம் வரிசையாக இரும்பு ஆணிகள். இரண்டு சின்னச் சுத்தியல்களை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு தட்ட வேண்டும். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி காட்டினது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு நாக்கு மரத்துப்போனவள் இளையவள். விடுமுறை நாட்களில் வயலின்காரருடைய குழுவில் டல்சிமர் வாசிப்பாள். மேடையில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது. மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் கண்.

அதற்கும் இப்போது ஆபத்து வந்திருந்தது. காரணம் அத்தான். போன கோடையில் ஒரு கச்சேரி முடிந்து அவள் வாத்தியத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர், வழியில் சாப்பிட இறங்கினார். வண்டி வெட்டவெளியில், கண்ணாடியெல்லாம் ஏற்றி, உச்சிவெயிலில் நின்றது. மனிதர் ஆற அமரச் சாப்பிட்டு, கடைக்காரனிடம் அவன் நாற்காலிகளின் தரத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்துவிட்டு வந்தபோது, பெட்டி வாய் பிளந்திருந்தது. "மரம் பழசு," என்றார் அத்தான். அன்றும் அதைத்தான் சொன்னார், மறுவாரமும் அதைத்தான் சொன்னார். தன் மேல் தப்பு என்று ஒரு தடவை, பேச்சுக்காவது, சொல்லவில்லை.

ஒட்டுப்போட்ட அந்தப் பெட்டி அடுத்த இரண்டு கச்சேரியிலும் பாதியில் சுருதி இறங்கிக் காலை வாரியது. வயலின்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை மேடையில இப்படி ஆச்சுன்னா என்னால முடியாதும்மா. என் அண்ணன் மகன் கீபோர்டு வெச்சிருக்கான். அவனை உட்கார வெச்சிடுவேன்," என்று சொல்லிவிட்டார். அந்த அண்ணன் மகனை அவளுக்குத் தெரியும். ஒரு பட்டனை அழுத்தினால் டல்சிமர் வரும், அடுத்த பட்டனை அழுத்தினால் மாடு கத்தும். அவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அவனிடம் தன் இடத்தைத் தூக்கிக் கொடுப்பதா? அதனால்தான் எவ்வளவோ தேடி, கையால் செய்த பழைய டல்சிமர் ஒன்று விலைக்கு இருக்கிறதென்று தெரிந்ததும் வேறு வழியில்லாமல் அத்தானின் வண்டியைக் கேட்டாள்.

விற்கிறவர் ஒரு பல் டாக்டர் அம்மா. போனிலேயே இளையவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "நான் வர்ற வரைக்கும் யாரும் சுருதி சேர்க்க வேண்டாம். தொடவே வேண்டாம். எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

"ஏன் அப்படி?" என்று வண்டி ஓட்டியபடி அத்தான் கேட்டார். "நல்லா சுருதி சேர்த்து வெச்சிருந்தா கேட்டுப் பார்க்க வசதிதானே?"

இதற்குப் பதில் சொல்வது வீண் என்று தெரிந்தும் சொன்னாள். ரொம்ப நாள் சும்மா கிடந்த டல்சிமரில் சுருதி இறங்கத்தான் செய்யும். எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருந்தால் அது குளிரும் ஈரமும் செய்த வேலை. பெட்டி நல்ல பெட்டி. ஒன்று அங்கே ஒன்று இங்கே என்று தாறுமாறாக இறங்கியிருந்தால் ஆணிகள் பிடி விட்டுவிட்டன என்று அர்த்தம். விற்கிறவன் அன்று காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டால் எது எப்படி என்று யாருக்கும் தெரியாது.

"அதாவது மெத்தையை உதறாம பார்க்கணும்கிற," என்றார் அத்தான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பல் டாக்டரின் கிளினிக் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஏறிப் போகிற படியெல்லாம் ரப்பர் வாசனை. கதவைத் திறந்ததும் கிராம்புத் தைல வாசனை. காத்திருக்கிற அறையில் ஒன்றோடொன்று பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கைகால் முளைத்துச் சிரிக்கிற ஒரு பல்லின் படம், மூலையில் மீன் இல்லாத மீன்தொட்டி. டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகன் இருக்கிற ஊருக்குப் போகிறாராம். பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. டல்சிமர் ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் மேல் கிடந்தது. அதன் மேல் பத்திரிகைகள். பத்திரிகைகளின் மேல் ஒரு தண்ணீர்ச் சொம்பு.

இளையவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாத்தியத்தின் மேல் சொம்பு வைக்கிறவள் பல்லை எந்த லட்சணத்தில் கட்டுவாள்?

"நீங்க தொடக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதான் சொம்பைக்கூட எடுக்கலை," என்றார் டாக்டர். பருத்த உடம்பு, பெரிய குரல். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசிப் பேசிப் பதிலை எதிர்பார்க்காமலே பேசும் பழக்கம். "என்கிட்ட பல்லு கட்ட வந்த ஒருத்தர் செஞ்சது. மாடிப்படி செய்யற ஆசாரி. பொழுதுபோகலைன்னு இதை இழைச்சார். நல்ல மனுஷர். ஈறுதான் சரியில்ல. காத்திருக்கற பிள்ளைங்க இதைத் தட்டிக்கிட்டு இருக்கும். அழுகை கொஞ்சம் குறையும்."

மாடிப்படி ஆசாரி செய்து, பல்வலிப் பிள்ளைகள் தட்டிய வாத்தியம். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். வந்தது வந்தோம் என்று சொம்பை இறக்கினாள். அத்தான் அதற்குள் முன்னால் போய், உள்ளங்கையை மேல்பலகையில் வைத்து ஓர் அமுக்கு அமுக்கி, உதட்டைப் பிதுக்கினார்.

"அத்தான், கையை எடுங்க."

"சும்மா பார்த்தேன்."

"பார்க்கறதுக்குக் கண்ணு இருக்கு."

குனிந்து, கன்னம் மரத்தில் படுகிற அளவுக்கு முகத்தை வைத்து, மேல்பலகை நெடுக ஒரு பார்வை பார்த்தாள். கம்பிகளின் இழுவையில் மலிவான பெட்டிகள் நடுவில் குழிந்துவிடும். இது குழியவில்லை. சரி, கனமான பலகையாகப் போட்டிருப்பான், சத்தம் வராது என்று நினைத்துக்கொண்டு கைப்பேசி வெளிச்சத்தை நாதத் துளைக்குள் அடித்து உள்ளே பார்த்தாள். பலகை மெல்லியதுதான். உள்ளே தாங்குகட்டைகள் ஒவ்வொன்றும் ஓரம் இழைத்து, பசை ஒரு பொட்டுகூட வழியாமல், யாரும் எட்டிப் பார்க்கப் போகாத இடத்தில் அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்திருந்தன. பெட்டியைத் திருப்பி முதுகைத் தட்டினாள். மூலைக்கு மூலை ஒரே குரலில் பதில் சொன்னது. மூலை இணைப்பில் நகத்தை விட்டுப் பார்த்தாள், நகம் நுழையவில்லை. அந்த ஆசாரி மாடிப்படியை எப்படிச் செய்தானோ, இதைச் செய்ய அவனுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு வாய் ஊறத் தொடங்கிவிட்டது.

பிறகு நகத்தால் கீழிருந்து ஒவ்வொரு ஜோடிக் கம்பியாகச் சுண்டினாள். கீழ்ச் சுரங்கள் எல்லாம் ஒரே அளவு இறங்கியிருந்தன. ஜோடிக்குள் சண்டையில்லை. நாதம் அறையை நிறைத்துக்கொண்டு நின்று, நின்று, மெதுவாகத்தான் அடங்கியது. டாக்டர்கூடப் பேச்சை நிறுத்தினார். நடுவிலும் அப்படியே. மேலே, குறுகலான பக்கத்துக்கு வந்தபோதுதான் ஒரு ஜோடியில் இரண்டு கம்பியும் இரண்டு விதமாகக் குழறின. அடுத்தது சரி. அதற்கடுத்தது மறுபடி குழறல். ஒன்று நன்றாகவே தொய்ந்து கிடந்தது.

இளையவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன? வண்டியில் அவளே வாய் வலிக்க விளக்கியது இதைத்தானே. ஆணிகளை அருகில் பார்க்க வேண்டும் என்று நிமிர்ந்தாள். பார்த்துவிட்டு, மன்னிக்கணும் டாக்டர், பெட்டி அருமை ஆனால் ஆணி பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். வார்த்தைகள் தொண்டை வரை வந்துவிட்டன. அப்போது அவளுக்கு முன்னால் ஒரு தடித்த விரல் நீண்டது.

"இது வேண்டாம்," என்றார் அத்தான்.

"எது?"

"இந்தப் பெட்டிதான். இங்க பாரு. இந்த வரிசையில எல்லா ஆணியும் ஒரே உயரம். இந்த ஏழு மட்டும் உள்ள இறங்கியிருக்கு. கட்டில்ல ஆணி ஆடினா என் கடைப் பசங்களும் இதைத்தான் செய்வானுங்க. ஒரு தட்டு தட்டி உள்ள இறக்கிடுவானுங்க. வாங்கிட்டுப் போறவன் வீட்ல நாலு நாள் நிக்கும், அப்புறம் மறுபடி ஆடும். உள்ள இருக்கற கட்டை போச்சுன்னு அர்த்தம். விட்டுடு, வேற பார்க்கலாம்."

அவள் பார்த்தாள். ஏழு ஆணிகள், நகக்கண் அளவு தாழ்ந்து நின்றன. அவர் சொன்னது அத்தனையும் சரி. ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை.

சரியாக இருந்ததுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. இனி நடக்கப் போவது அவளுக்கு அப்படியே தெரிந்தது. அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். அத்தான் கையை உதறிக்கொண்டு ஆரம்பிப்பார்: "நம்ம மச்சினி பெரிய வித்வான். பெட்டிக்குள்ள தலையை விட்டுப் பார்த்தா, முதுகைத் தட்டிப் பார்த்தா, வாங்கவே போயிட்டா. நான்தான் ஒரே ஒரு பார்வை பார்த்தேன்..." இந்தக் கதை இந்த வருஷத்தோடு முடியாது. குளிர்சாதனப்பெட்டியைத் தான் தேர்ந்தெடுத்த கதையை மனிதர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெட்டி செத்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஒரு வாத்தியத்தை வெயிலில் வாட்டிக் கொன்றவர், இன்னொன்றைப் பார்த்து அவளுக்குப் பாடம் எடுப்பதா? அவர் சொல்லி அவள் விட்டுவிட்டதாக ஆவதா?

"அத்தான்," என்றாள். குரலில் தேன் தடவிய விஷம். "இது கட்டில் இல்ல."

"தெரியும். ஆனா ஆணி ஆணிதானே?"

"கையால செய்யற வாத்தியத்துல ஆணி எல்லாம் ஒரே உயரத்துல நிக்காது. மெஷின்ல செய்யறதுலதான் அப்படி நிக்கும். மேல் சுரத்துக்குக் கம்பி குட்டை, இழுப்பு வேற. அதுக்குத் தகுந்த மாதிரி ஆசாரி இறக்கியிருக்கார்."

சப்பைக்கட்டு என்றால் இப்படியொரு சப்பைக்கட்டை அவள் வாழ்நாளில் கட்டியதில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே சிரித்திருப்பாள்.

"நீதானே வண்டியில சொன்ன, தாறுமாறா இறங்கியிருந்தா..."

"பிள்ளைங்க தட்டியிருக்காங்க அத்தான். பிள்ளைங்களுக்குக் கை எட்டறது இந்தப் பக்கம்தான். அதான் இங்க மட்டும் கலைஞ்சிருக்கு. நீங்க மெத்தையைப் பாருங்க, இதை நான் பார்த்துக்கறேன்."

அத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடினார். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "அப்ப எடுத்துக்கறீங்களா?" என்றார்.

"எடுத்துக்கறேன்," என்றாள் இளையவள். விலையைக்கூடப் பேரம் பேசவில்லை. பேரம் பேசினால் ஆணிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வாசலைத் தாண்டிப் படியில் கால் வைக்கும்போது டாக்டர் பின்னாலிருந்து உற்சாகமாகச் சொன்னார்: "அந்தப் பக்கத்து ஆணிங்க ஆடிக்கிட்டே இருந்துச்சும்மா. நான்தான் என் சின்னச் சுத்தியால தட்டி உள்ள இறக்கினேன். தொழில்ல ஆடறதையெல்லாம் பிடுங்கியே பழக்கம், இதையாவது இறக்குவோமேன்னு!" சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

இளையவள் படியில் நின்றுவிட்டாள். பெட்டியின் மறுமுனையில் அத்தானின் முகம் இருந்தது. இப்போது சொல்வார். இப்போது உதட்டைப் பிதுக்குவார்.

"அது சகஜம்தான் டாக்டர்," என்று திரும்பாமலே சொன்னாள்.

அத்தான் பிடியை மாற்றிக்கொண்டார். "படி பார்த்து இறங்கு," என்றார். வண்டியில் மெத்தை ஒன்றைப் போட்டு அதன் மேல் பெட்டியை வைத்து, சுற்றிலும் தலையணை அடுக்கினார். வீடு போகும் வரை மனிதர் வாயே திறக்கவில்லை. அவருடைய பேச்சைவிட அந்த மௌனம் அவளுக்கு அதிக எரிச்சலைத் தந்தது. உள்ளுக்குள் எப்படிக் குதித்துக்கொண்டிருப்பார், யாரிடம் முதலில் சொல்லலாமென்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார் என்றே நினைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. தினமும் கடையிலிருந்து வந்ததும் சுருதிச் சாவியை எடுத்து அந்த ஏழு ஆணிகளையும் முறுக்குவாள். காலையில் பார்த்தால் மூன்று இறங்கியிருக்கும். ஆணிக்கடியில் உப்புத்தாள் சுருட்டி வைத்தாள். ஒரு வாரம் பிடித்தது. தடித்த ஆணியாக மாற்றிக் கட்டையையும் மாற்றலாம், செய்கிற ஆள் இருக்கிறார். ஆனால் அவரிடம் கொண்டு போக வண்டி வேண்டும், வண்டி அத்தானுடையது. வாங்கிப் பத்து நாள் ஆவதற்குள் ரிப்பேருக்கா என்று அவர் கேட்பார். கேட்காவிட்டாலும் பார்ப்பார். அதைவிட முறுக்கிக்கொண்டே இருக்கலாம் என்று முடிவு செய்தாள். அக்காவும் அத்தானும் வருகிறார்கள் என்று தெரிந்தால் அவசரமாகச் சுருதி சேர்த்து, துணியால் மூடி வைத்துவிட்டு, வாசலில் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

அக்கா ஒருமுறை கேட்டாள்: "உங்க அத்தான் சொன்னார், ரொம்ப நல்ல பெட்டியாமே? தனக்கு ஒண்ணும் தெரியலை, நீதான் கரெக்டாப் பார்த்து வாங்கினேன்னார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்ல."

கிண்டல் செய்கிறார் என்று இளையவள் நினைத்தாள். மனுஷனுக்குக் கொழுப்பு.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் ஆண்டு விழா வந்தது. காலை நேரக் கச்சேரி, பெரிய அரங்கம். வயலின்காரர் புது வாத்தியத்தை ஒரு தட்டு தட்டிக் கேட்டு, புருவத்தை உயர்த்தி, "அட!" என்றார். அந்த ஒரு 'அட'வுக்காக அவள் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை. அத்தான் பெட்டியை மேடைவரை தூக்கி வந்து வைத்துவிட்டு, பார்வையாளர்களோடு போய் உட்காராமல், மேடையின் பக்கவாட்டில் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அங்கே உட்கார்ந்து அந்த நாற்காலியின் பஞ்சை அமுக்கிப் பார்ப்பதை அவள் கவனித்துப் பல்லைக் கடித்தாள்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. மூன்றாவதில் மேடை விளக்குகளின் சூடு ஏறியது. நாலாவது பாட்டில், எல்லாரும் நிறுத்தி அவள் மட்டும் தனியாக வாசிக்க வேண்டிய இடத்தில், மேல் சுரங்களில் முதல் ஜோடி குழறியது. தாண்டிப் போனாள். அடுத்தது குழறியது. அந்தச் சுரங்களைத் தவிர்த்துக் கீழேயே சுற்றிச் சுற்றி வந்து எப்படியோ முடித்தாள். வயலின்காரர் வில்லைக் கீழே இறக்கி, திரும்பி, அவளைப் பார்த்தார். சபையில் கைதட்டினார்கள். காப்பீட்டுக்காரர்கள் எதற்கும் தட்டுவார்கள்.

இடைவேளைக்குத் திரை இறங்கியதும் வயலின்காரர் நேராக அவளிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "நான் என்ன சொல்லியிருந்தேன்?" என்றார்.

இளையவள் கையிலிருந்த சுத்தியல்களைப் பார்த்தாள். எல்லாம் போயிற்று. மாடு கத்துகிற பெட்டியோடு அந்தப் பயல் வந்து இந்த நாற்காலியில் உட்காரப் போகிறான். தான் கண்ணாடிக் கடையிலேயே கிடந்து சாகப் போகிறோம்.

"புது வாத்தியம்னு சொன்ன. நீயே பார்த்து வாங்கினேன்ன. ஓட்டை வாத்தியத்தைப் பார்த்து வாங்கற அளவுக்குத்தான் உனக்குக் காது இருக்குன்னா..."

"சார், வாத்தியத்து மேல தப்பில்ல," என்று ஒரு குரல் குறுக்கே வந்தது.

அத்தான் நாற்காலியை விட்டு எழுந்து வந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்படி அவரை யாரும் பார்த்ததில்லை.

"நான்தான் சார். காலைல இதை ஏத்திக்கிட்டு, கடையில ஒரு டெலிவரி இருக்குன்னு போயிட்டேன். வண்டி வெயில்லயே நின்னுடுச்சு. கண்ணாடியும் ஏத்தியிருந்தேன். இவகிட்ட சொன்னா திட்டுவாளேன்னு சொல்லலை. போன தடவையும் அப்படித்தான். அந்தப் பெட்டியும் என்னாலதான் போச்சு. மரம் பழசுன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

இளையவள் அவரைப் பார்த்தாள். அன்று காலை அவர் எந்தக் கடைக்கும் போகவில்லை. நேராக அவள் வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் மர நிழலாகப் பார்த்து ஓட்டினார். சிக்னலில் நின்றபோதுகூடப் பின்னால் திரும்பிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். போன கோடையின் உண்மையை ஒரு வருஷமாக வாயில் வராமல் வைத்திருந்த மனுஷன், அதை இன்று ஒரு பொய்க்குத் துணையாக அனுப்புகிறார்.

வயலின்காரர் அவரிடமிருந்து அவளிடம் திரும்பினார். "அப்படியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இவர் வேண்டாம் என்றார், நான்தான் வீம்புக்கு வாங்கினேன் என்று சொல்லத்தான். திறந்த வாயிலிருந்து வந்தது வேறு.

"வெயில்லயா வெச்சீங்க?" என்றாள். "மறுபடியுமா? உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? மெத்தை மூட்டையும் வாத்தியமும் உங்களுக்கு ஒண்ணா? எதுல பார்த்தாலும் மூக்கை நுழைக்கறது, எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசறது, கடைசியில அடுத்தவ குடியைக் கெடுக்கறது. உங்களை நம்பி ஒரு தீப்பெட்டியைக் குடுக்க முடியுமா? ஒரு தடவையாவது ஒரு விஷயத்தை உருப்படியாச் செஞ்சிருக்கீங்களா?"

வார்த்தைகள் தடையில்லாமல் வந்து விழுந்தன. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அத்தான் தலையைக் குனிந்து, கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

வயலின்காரருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "சரி விடும்மா, பெரியவரைப் போய்," என்றார். "வெயில்னா எந்த வாத்தியம்தான் தாங்கும். இடைவேளை முடியறதுக்குள்ள சேர்த்து எடு. நான் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டு வாங்கறேன். சார், இனிமே நீங்க இதைத் தொடாதீங்க." சொல்லிவிட்டு அறிவிப்பாளரைத் தேடிக்கொண்டு போனார்.

இளையவள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். சாவியைக் கையில் எடுத்தாள். திரைக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. ஆணிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணில் வேறு தண்ணீர். பக்கத்தில் ஒரு வெளிச்சம் விழுந்தது. அத்தான் குனிந்து கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தார். எந்த ஆணி என்று அவளைக் கேட்கவில்லை. ஏழில் முதலாவதன் மேல் வெளிச்சத்தைச் சரியாக வைத்தார்.

"அத்தான்..."

"முதல்ல முறுக்கு. நேரமில்ல."

முறுக்கினாள். வெளிச்சம் அடுத்த ஆணிக்கு நகர்ந்தது. பிறகு அதற்கடுத்ததற்கு. நாலாவது ஆணிக்கு வந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"நல்லாவே நடிச்ச. அவர் அப்படியே நம்பிட்டார்."

அவள் நாலாவதை முறுக்கினாள். அவள் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அன்று புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

வெளிச்சம் ஐந்தாவது ஆணிக்கு நகர்ந்தது.